அரியர் எலுமிச்சை

ஜூலை 2, ஞாயிறு

இந்த டைரி மாப்பிள்ளை ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாதமாக இதன்மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் எழுத விஷயம் கிடைத்திருக்கிறது. ஒரு பெரிய பொய் சொல்லிவிட்டேன்.

மகள் மைதிலியைப் பார்க்கத் தாராபுரம் போயிருந்தேன். அவளுக்கு ஆறாம் மாதம். சாப்பாட்டு நடுவில் சம்பந்தியம்மா சுலோசனா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் நாற்காலியை இழுத்தாலே எனக்குப் பரீட்சை ஹால் ஞாபகம் வந்துவிடும்.

"ஏனுங்க சம்பந்தி, ஆவணில கட்டுச்சோறு கொண்டாந்து வெச்சுப் புள்ளையப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறது மொறைதானுங்க. நான் வேண்டாங்கல. ஆனா உங்கூட்டுல பொம்பளை இல்லை. திடீர்னு வலி எடுத்துச்சுன்னா எதுல கூட்டிட்டு ஓடுவீங்க? பேசாம இங்கயே இருக்கட்டுமே."

நியாயமான கேள்வி. அதனால்தான் பதில் வரவில்லை. பதில் வராதபோது என் வாய் தானாக எதையாவது சொல்லும்.

"கார் இருக்குதுங்களே."

"எந்தக் காரு?"

"என்ற சம்சாரத்தோட காரு."

"அது ஓடுதுங்களா?"

"ஜம்முன்னு."

"யாரு ஓட்டறது?"

"நாந்தானுங்க."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மைதிலியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஊற்றினாள். பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் கேட்டாள்.

"அப்பா, கியர் எந்தப் பக்கம் இருக்கும்னாவது தெரியுமா?"

"விசாரிச்சுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அம்மா வீட்டுலதான்ப்பா பொறக்கணும்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

ஜூலை 3

பொய்யின் முழு விவரத்தையும் எழுதி வைப்பது நல்லது.

கார் என்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969. என் மாமனாருடையது. என் மனைவி சாந்தாமணி அதில்தான் ஓட்டப் பழகினாள். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசிலை வாயிலும் ஸ்டியரிங்கைக் கையிலும் வைத்துப் பிறந்தவள். கல்யாணம் முடிந்து உடுமலைப்பேட்டைக்கு மாலையும் கழுத்துமாக அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். நான் இடதுபக்கம் சீர்வரிசைக் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவே வெளியில் வந்து பார்த்தது. அன்று பிடித்த இடதுபக்க சீட்டை இருபத்தேழு வருஷம் நான் விடவில்லை. ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ரெண்டு டிரைவர் இருந்தா வண்டிக்குக் குழப்பமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது இது பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது.

அவள் போய் ஆறு வருஷம். கார் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. பின் சீட்டில் ஒரு பூனை மூன்று பிரசவம் பார்த்திருக்கிறது. அனுபவமுள்ள இடம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லலாம்.

ஜூலை 4

காரைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன். முதல் வேலையாக பாலிஷ் டப்பா வாங்கி வந்து முன்பக்கத்தைத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

ஜூலை 6

மெக்கானிக் ஆரோக்கியசாமியைக் கூட்டி வந்தேன். இந்த வண்டிக்குத் தனி மூடி கிடையாது. விளக்கு, மட்கார்டு உட்பட முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் பிளப்பதுபோல முன்னோக்கித் திறக்கும். திறந்தார். எலி வயரை எல்லாம் தின்று, அங்கேயே படுத்து, செத்தும் போயிருந்தது.

"என்ஜின் சுத்த மாட்டேங்குது. ரேடியேட்டர் ஓட்டை. பிரேக் நாலும் இறுகிப்போச்சு. அடித்தகடு அப்பளம்." ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்குங்கண்ணா? நல்ல காயலாங்கடை ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"செப்டம்பர் பத்தாம் தேதி தாராபுரம் போகணும்."

"பஸ்ஸு அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குதே."

அவர் குனிந்து சக்கரத்தடியில் பார்த்தார். அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். கறுத்துச் சுருங்கிப் புளியங்கொட்டைபோல ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதென்னங்க? எலுமிச்சங்காயா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது."

"நிக்கற வண்டிக்கா?"

"சக்கரத்துக்கு ஒண்ணு வெக்கறது வழக்கந்தானே?"

"வெச்சு, ஏத்தி நசுக்கறதுதானுங்க வழக்கம். இங்க ஏகப்பட்டது கெடக்குது."

வருஷத்துக்கு நாலு, ஆறு வருஷம். கணக்குப்படி இருபத்துநாலு. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டு அக்டோபரில் எழுதித் தேறியவன். இருந்தாலும் இது தெரியும். பொறுக்கினால் பத்தொன்பதுதான் இருந்தது. பாக்கியை எலி கொண்டுபோயிருக்கும். ஒரு டப்பாவில் போட்டு மூடினேன்.

ஆரோக்கியசாமி அதற்கப்புறம் காயலாங்கடை பற்றிப் பேசவில்லை. "ரெக்கவரி வண்டி அனுப்பறேன். ரெண்டு மாசத்துல முடியுமான்னு தெரியலீங்க. பாக்கலாம்" என்றார்.

ஜூலை 8

வண்டியை வெளியே தள்ள ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்றார்கள். அறுபது வயதில் முதன்முறையாக அந்தக் காரின் வலதுபக்கக் கதவைத் திறந்தேன். அவள் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்தே வைத்திருப்பாள். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். சீட்டைப் பின்னால் தள்ளத் தோன்றவில்லை.

ஜூலை 10

எல்.எல்.ஆர். போட்டேன். கவுண்டரில் இருந்த பையன், "பேரனுக்குங்களா?" என்றான்.

ஜூலை 13

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வாத்தியார் தமயந்தி. முப்பது வயதிருக்கும். என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறாள். அதில் மரியாதை எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று தெரியவில்லை.

"அங்கிள், கிளச்சை மெதுவா விடுங்க. மெதுவா. அங்கிள்! கட்டெறும்பை மிதிச்ச மாதிரி எடுக்காதீங்க!"

பத்து தடவை நின்றது. பதினோராவது தடவை ஓடியது. அதை எப்படி நிறுத்துவது என்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஜூலை 20

காலை ஸ்கூல், மாலை ஆரோக்கியசாமியின் பட்டறை. என்ஜினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்திருக்கிறார். ஒரு வாரமாக ஊறுகிறது. நான் தினமும் போய் "ஆச்சா?" என்கிறேன். "ஊறுகாயே நாப்பது நாளு ஆகுமுங்க" என்கிறார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்: உப்புத்தாளால் துரு தேய்ப்பது. அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 23

சம்பந்தியம்மா போன்.

"கார் எப்படி இருக்குதுங்க?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேனுங்க." பொய்யில்லை.

"தெனமும் எடுக்கறீங்களா?"

"தெனமும் காலைல ஓட்டறேனுங்க." இதுவும் பொய்யில்லை. எந்தக் காரை என்று அவர் கேட்கவில்லை.

"ஆரன் சத்தமே கேக்க மாட்டேங்குதே?"

நான் பட்டறையில்தான் இருந்தேன். ஆரோக்கியசாமி நேற்றுதான் புது பேட்டரியும் ஆரனும் மாட்டியிருந்தார். அந்தக் காரில் வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு நிமிடம் அடித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் வெளியே வந்து ஒதுங்கி வழி விட்டார். காருக்குச் சக்கரமே இல்லை.

ஜூலை 29

அக்கா பழனாத்தாள் வந்திருந்தாள். கட்டுச்சோற்றுக்கு ஏழு வகை சாதம் அவள் பொறுப்பு. கார் விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

"ஏந்தம்பி, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? ஒரு டிரைவரை வெச்சுக்கோ. இல்லாட்டி ஆட்டோக்காரன் நம்பரை வாங்கி வெச்சுக்கோ. இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேஷம்?"

"ஆட்டோக்காரன் நம்பரு ஆறு வருசத்துக்கு முன்னாலயும் எங்கிட்ட இருந்துச்சுக்கா."

அக்கா தலையிலிருந்து கையை எடுத்தாள். தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். நான் கேட்கவில்லை. அவளும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஆகஸ்டு 3

இன்று பட்டறையில் சத்தம் போட்டுவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முன் கண்ணாடியைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருந்தார்கள். நடுவில், கீழோரத்தில் சாந்தாமணி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருந்தது. அதையும் பிளேடால் சுரண்டியிருந்தார்கள். "நெத்தியில ஒட்ட வேண்டியதை இங்க எதுக்கு ஒட்டறே?" என்று அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். "உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்பாள். நானும் விட்டுவிட்டேன்.

"யாரைக் கேட்டுச் சொரண்டினீங்க?" என்று கத்தினேன். ஆரோக்கியசாமி சமாதானமாக, "ஒரு பொட்டுத்தானேண்ணா" என்றார். உண்மைதான். அடித்தகடு முழுவதையும் அறுத்துப் போட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை முகம் கழுவினேன்.

ஆகஸ்டு 5

தமயந்தி ஸ்கூல் காரின் கண்ணாடியில் கறுப்பு டேப்பைத் துண்டாக ஒட்டினாள்.

"அங்கிள், இடது டயர் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது. நேத்து அந்த நாய் தப்பிச்சது அது செஞ்ச புண்ணியம். இந்த டேப்புக்கு நேரா ரோட்டோட ஓரம் தெரியற மாதிரி புடிங்க. டயர் ஓரத்துலயே வரும்."

டேப் கண்ணாடியின் நடுவில், கீழோரத்தில் இருந்தது.

"என்ன அங்கிள், புரியலையா?"

"இப்பத்தாம்மா புரிஞ்சுது" என்றேன். அவள் அந்த டேப்பைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டறைக்குப் போய் ஆரோக்கியசாமிக்கு ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பஜ்ஜியிலேயே புரிந்துகொண்டார். கண்ணாடியில் தேடிப் பார்த்தேன். பொட்டின் பசை மட்டும் வட்டமாக இருக்கிறது.

ஆகஸ்டு 12

என்ஜின் பிடித்துவிட்டது!

நாற்பது நாள் ஆகவில்லை. ஊறுகாயைவிடச் சீக்கிரம். ஆரோக்கியசாமி கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் விட்டார், சாவியைத் திருப்பினார். இருமியது, தும்மியது, புகை கக்கியது. பிறகு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். முன்னெல்லாம் சாயங்காலம் தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் அடுப்பில் டீ வைப்பேன். அவள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போது கொதித்திருக்கும். எழுந்தபிறகுதான் இங்கே அடுப்பில்லை என்று ஞாபகம் வந்தது. நின்றது நின்றதாகவே இருக்கட்டுமென்று கடைக்குப் போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 17

லைசென்ஸ் டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார் அதிகாரி. நிறுத்தினேன். எடுத்தேன். வண்டி பின்னால் போனது. "அடுத்த வாரம் வாங்க" என்றார். பெயில்.

தமயந்தி திட்டுவாள் என்று நினைத்தேன். "பதறிட்டீங்க அங்கிள். எதுக்கு அவ்வளவு பதர்றீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்டு 18

அவள் கேட்டதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல வராது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். நெஞ்சு வலிக்கிறது என்றாள் சாந்தாமணி. கார் வாசலில் நின்றது. டேங்க் நிறையப் பெட்ரோல். சாவி ஆணியில். ஆட்டோ வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரம்.

"நானே ஓட்டறேன், சாவியக் குடுங்க" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வேறொன்றுமில்லை.

ஆகஸ்டு 25

பாஸ்! மேடு, பள்ளம், ரிவர்ஸ் எல்லாம். ரிவர்ஸ் மட்டும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டார் என்று தமயந்தி சொல்கிறாள். ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தேன். "மெதுவா போங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள். நான் கிளப்பிய தூசியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 6

பெயிண்ட் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அதே வெண்ணெய் நிறம். எஃப்.சி. பேப்பர் எல்லாம் சரி. தெருவைச் சுற்றி மூன்று தடவை ஓட்டினேன். நாலாவது தடவை அக்கா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இறங்கும்வரை முருகா என்ற பெயரைத் தவிர வேறெதையும் உச்சரிக்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

தாராபுரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கியில் ஏழு வகைச் சாதம், பின் சீட்டில் அக்கா, வலதுபக்கம் நான். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. என்னை ஒரு மாட்டு வண்டிகூட முந்தவில்லை. ஒரு மொபெட் முந்தியது. நான் விட்டுக்கொடுத்தேன்.

சம்பந்தி வீட்டு வாசலில் சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் நின்றது. பிரேக் போட்டதும் நின்றது வண்டி. இதை நான் சாதாரணமாக எழுதுகிறேன். வலதுபக்கக் கதவைத் திறந்து இறங்கினேன். வேட்டியை உதறிக் கட்டினேன். இவ்வளவு மெதுவாக நான் வேட்டி கட்டியதே இல்லை.

மைதிலி வாசற்படியில் நின்றாள். கை நிறைய வளையல். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

சம்பந்தியம்மா காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சம்பந்தி. மருமக கரண்டி நின்னுச்சு பாருங்க, அப்பவே."

"அப்பறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னாக் கத்துக்கிட்டிருப்பீங்களா?" நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. "கூட்டிட்டுப் போங்க."

திரும்பும்போது மைதிலி இடதுபக்கம், என் பழைய சீட்டில். வண்டியை எடுக்கப் போனேன்.

"அம்மாவோட பொட்டு எங்கப்பா?"

சுரண்டிய கதையைச் சொன்னேன். அவள் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அந்தப் பசை வட்டத்தில் ஒட்டப் போனாள்.

"அங்க வேண்டாம். அது உங்கம்மா உசரத்துக்கு. கொஞ்சம் மேல. இன்னும். இன்னும் ஒரு விரக்கடை. ஆங், அங்க."

ரோட்டின் ஓரம் பொட்டுக்கு நேராக வந்து நின்றது. இருபத்தேழு வருஷத்தில் சாந்தாமணிக்கு மேலே நான் போன ஒரே இடம் இதுதான்.

அக்டோபர் 2

மைதிலி சாயங்காலம் கொஞ்ச தூரம் காரில் போகலாம் என்கிறாள். தினமும் போகிறோம். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அவள் இறங்கி நின்றுகொள்கிறாள். குழந்தையின் பாதுகாப்புக்காம்.

அக்டோபர் 22

நாளை ஆயுத பூஜை. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டியாயிற்று. டாக்டர் சொன்ன தேதி இருபத்தெட்டு. நேரம் இருக்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். மற்ற நாட்களில் கோணலாக இருந்ததற்குக் காரணம் கிடையாது.

காலையில் நாலு சக்கரத்துக்கும் முன்னால் புது எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு அந்த டப்பாவை எடுத்து வந்து, பழையது பத்தொன்பதையும் பக்கத்தில் பிரித்து வைத்தேன்.

"இதென்னப்பா?" என்றாள் மைதிலி.

"அரியர். மொத்தமா எழுதிடலாம்னு."

பன்னிரண்டுக்கு மேல் நல்ல நேரம். கற்பூரம் காட்டிவிட்டு ஏற்றலாம் என்றாள் அக்கா. மணி ஒன்பதே முக்கால் இருக்கும். மைதிலி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, வலிதான்டா" என்றாள். பிறகு பழக்கதோஷத்தில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆயுத பூஜையன்று எந்த ஆட்டோ ஓடும்? எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. டிரைவர்கள் பூசணிக்காயோடு நின்றார்கள். அவள் திரும்பி ஓடி வருவதற்குள் நான் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். மைதிலியை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். அக்காவைப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"டேய், நல்ல நேரம் இன்னும் வரலடா! கற்பூரம் காட்டலடா!"

"வந்துடுச்சுக்கா" என்றேன்.

கிளச்சை விட்டேன். மெதுவாக. கட்டெறும்பு எதையும் மிதிக்காமல். சக்கரத்தடியில் பழையவை பொரி நொறுங்குவதுபோல நொறுங்கின. புதுசு நாலும் சத்தமே போடாமல் நசுங்கின. காரெல்லாம் எலுமிச்சை வாசம்.

வாழைக்கன்று இரண்டும் காற்றில் ஆட, ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பழனி ரோட்டில் போனேன். பொட்டுக்கு நேராக ரோட்டின் ஓரம் வந்துகொண்டே இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் ஊர்வலம் என்று நினைத்துப் போக்குவரத்தை நிறுத்தி வழி விட்டார். மைதிலி பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, ரெண்டாவது கியர்லயே போறீங்க" என்றாள். மூன்றாவதுக்கு மாற்றினேன். மாறியது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். மைதிலி உள்ளே போனபிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்.

மத்தியானம் இரண்டு பத்துக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம்.

சம்பந்தியம்மா தாராபுரத்திலிருந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தனை நேரமுங்க ஆச்சு, வந்து சேர?"

"பதினொரு நிமிஷமுங்க."

அவர் தலையை ஆட்டினார். "பாஸு" என்றார்.

அக்டோபரில் தேறுவது எனக்குப் புதிதல்ல.

அக்டோபர் 24

காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். வாசலில் எலுமிச்சைகள் தட்டையாக, வரிசையாக, டயர் போன வழியிலேயே ஒட்டிக் கிடந்தன. அக்கா விளக்குமாற்றை எடுத்தாள்.

"இருக்கட்டுங்க்கா. நாளைக்குக் கூட்டிக்கலாம்" என்றேன்.

பிறகு அடுப்பில் டீ வைத்தேன்.